பத்து ஆட்ட வார்த்தைகளும் அப்பாவின் கையும்

சின்ன வயதில் எனக்கு எதையும் உற்றுப் பார்க்கிற புத்தி. பார்த்ததோடு விட்டால் பரவாயில்லை, ஊருக்கே சொல்லியும் விடுவேன். பெரியம்மா புதுச்சேலை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தது, மாமா மீசைக்கு மை தீட்டுவது, எதிர்வீட்டுக்காரருக்குப் பாதிப் பல் கட்டுப்பல் என்பது எல்லாம் என் வாய் வழியாகத்தான் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தன. "இவ வாயைப் பூட்டி வச்சாலும் சாவி ஓட்டை வழியாப் பேசுவா" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அப்படிப்பட்ட பிள்ளையின் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, பார்த்ததையெல்லாம் எழுதிக்கொண்டு வா என்று சொன்னவர் ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் டீச்சர். என்னைப் பற்றி அவருக்கு அப்போது அவ்வளவாகத் தெரியாது.

அப்பா மினிபஸ் டிரைவர். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் கிளம்பி, நாலைந்து கிராமங்களைத் தொட்டுக்கொண்டு எங்கள் ஊர் வரை வந்து திரும்புகிற வண்டி. அம்மாவின் தம்பி, என் தாய்மாமன், அதே வண்டியில் கண்டக்டர். அப்பா அவரை மாப்ள என்பார், அவர் அப்பாவை மச்சான் என்பார். என் பள்ளிக்கூடம் திருமங்கலத்தில் இருந்ததால் காலையும் மாலையும் நான் அந்த வண்டியில்தான் போய் வந்தேன். எனக்கென்று ஒரு இடம் இருந்தது. அப்பாவுக்கு இடது பக்கம், இன்ஜின் பெட்டி மேல். சித்திரை மாதத்தில் தோசைக்கல்லாகக் காயும். சாக்கை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். எதிரே ரோடு முழுக்க என்னை நோக்கி ஓடி வரும். கலெக்டர் நாற்காலியைக் கொடுத்திருந்தாலும் அந்த இடத்தை நான் மாற்றிக்கொண்டிருக்க மாட்டேன்.

இங்கிலீஷ் டீச்சரும் அந்த வண்டியில்தான் வருவார். பாதி வழியில் ஏறி, எனக்கு நேர் பின்னால் இருக்கிற பெண்கள் சீட்டில் உட்கார்ந்து, ஒரு புத்தகத்தை விரித்தால் திருமங்கலம் வந்துதான் மூடுவார். வண்டிக்குள் நான் அவருக்கு மாணவி இல்லை, அவர் எனக்கு டீச்சர் இல்லை என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் இருந்தது. நானாகச் செய்துகொண்ட ஒப்பந்தம்தான். அவரைக் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் கரும்பலகையில் பத்து வார்த்தை எழுதிப் போட்டார். டான்ஸ், ஸ்வே, ட்விர்ல், ஸ்பின், ஹாப், ஸ்கிப், லீப், ஷஃபிள், வால்ட்ஸ், டாப். பத்தும் ஆட்டம் சம்பந்தப்பட்ட வார்த்தைகளாம். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாக ஆடியே காட்டினார். ஸ்வே என்றால் நின்ற இடத்திலேயே இப்படியும் அப்படியுமாக அசைவது. ட்விர்ல் என்றால் ஒரு சுற்று. ஷஃபிள் என்றால் காலைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டு நகர்வது. டாப் என்றால் தரையைக் காலால் தட்டுவது. வால்ட்ஸ் ஆட ஜோடி வேண்டும் என்பதால் டஸ்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆடினார். வகுப்பே கொல்லென்று சிரித்தது. கடைசி பெஞ்சில் ஒருத்தி, "ஆடுறதுக்குப் போயி இம்புட்டு வார்த்தையா டீச்சர்?" என்று அலுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆடுகிறவர்களுக்கு மட்டும் இந்த வார்த்தைகள் இல்லையாம். ஆடாதவர்களுக்கும் உண்டாம். காற்றில் இலை டான்ஸ் ஆடும். நல்ல சேதி கேட்டால் மனசு லீப் பண்ணும். ஒரு கவலையும் இல்லாமல், அழைக்காத வீட்டுக்குள் ஒருவர் ஜம்மென்று நுழைந்தால் வால்ட்ஸ் ஆடி வந்தார் என்று எழுதலாம். இப்படி வார்த்தைக்கு இரண்டு வாக்கியம், ஆடுகிறவர் ஒன்று, ஆடாதவர் ஒன்று, அடுத்த வெள்ளிக்குள் எழுதி வர வேண்டும். கைடைப் பார்த்து எழுதினால் முகத்திலேயே தெரியும், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது என்றார். யாருடைய வாக்கியம் நன்றாக இருக்கிறதோ அவர் அதைக் காலைப் பிரேயரில் மைக்கில் வாசிக்கலாம். மைக் என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்கு வீட்டுப்பாடம் பாதி முடிந்துவிட்டது.

அன்றைக்கே வேட்டையை ஆரம்பித்துவிட்டேன். தமிழிலும் எல்லாமே ஆடிக்கொண்டுதான் இருக்கிறது என்பது அந்த வாரம்தான் எனக்கு உறைத்தது. தம்பிக்குப் பல் ஆடியது. அம்மனுக்கு முன்னால் சாமியாடி ஆடினார். சம்பளம் கூடிவிட்ட எதிர்வீட்டுக்காரர் தலைகால் தெரியாமல் ஆடுவதாக அம்மா சொன்னாள். இத்தனைக்கும் நாங்கள் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோமே, இங்கிலீஷ்காரர்களுக்கு மட்டும் எதற்குப் பத்து என்று யோசித்து யோசித்துத் தூக்கமே வரவில்லை. முளைப்பாரிக்குக் கும்மியடித்துப் பழகிக்கொண்டிருந்த பெண்களுக்கு ட்விர்ல் கொடுத்தேன். மீன் குழம்பு கொதிக்கிற வாசனை பிடித்து எங்கள் வீட்டுக்குள் வந்த பெரியம்மாவுக்கு வால்ட்ஸ். நெரிசலில் காலைத் தேய்த்துத் தேய்த்து நகர்ந்து டிக்கெட் போட்ட மாமாவுக்கு ஷஃபிள். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்த காலேஜ் அண்ணன்களுக்கு ஸ்வே.

ஹாப் என்ற வார்த்தைக்கு எங்கள் வண்டியே அகப்பட்டது. திங்கட்கிழமை காலை, ரயில்வே கேட்டுக்கு முன்னால் இருக்கிற வேகத்தடையில் அப்பா பிரேக்கை மிதிக்கவே இல்லை. மிதித்தாரோ என்னவோ, வண்டி அதற்குள் எகிறிக் குதித்துவிட்டது. என் சாக்கோடு நானும் ஒரு சாண் மேலே போய் வந்தேன். பின்னால், மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போகிற பூக்காரம்மாவின் கூடை கவிழ்ந்து மல்லிகை முழுக்கச் சீட்டுக்கடியில் கொட்டியது. "ஏய்யா, மனுசரை ஏத்திருக்கியா மூட்டைய ஏத்திருக்கியா?" என்று அந்தம்மா கத்தினாள். அப்பா திரும்பவில்லை. மாமாதான் குனிந்து பூவைப் பொறுக்கிக் கொடுத்து, "பிரேக்கு கொஞ்சம் மக்கர் பண்ணுதுக்கா, சாயங்காலம் செட்டுக்கு விடுறோம்" என்று சமாதானம் சொன்னார். பிரேக்குக்கு ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். முந்தின வாரம்தான் மெக்கானிக் செட்டுக்கு விட்டுச் சரிபார்த்திருந்தார்கள். அதையும் சொல்ல வாயெடுத்தேன். மாமா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். "எங்கள் பஸ் ஹாப் செய்தது" என்று மட்டும் எழுதினேன்.

மாமாவின் விசிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்டக்டர் விசில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஒன்று அடித்தால் நிற்க, இரண்டு அடித்தால் போக. அந்த வருசம் மாமா மூன்றாவதாக ஒன்று வைத்திருந்தார். வேகத்தடையோ வளைவோ வருவதற்கு ரொம்ப முன்னாலேயே, யாரும் இறங்காத இடத்தில், மெல்லிசாக நீளமாக ஒரு ஊதல். திங்கட்கிழமை அவர் பாஸ் விஷயமாக ஒருவரோடு தகராறு பண்ணிக்கொண்டிருந்ததில் ஊத மறந்துவிட்டார். எதுக்கு மாமா இந்த விசில் என்று கேட்டால், "வயித்துல வாயு, வாய் வழியா விடுறேன்" என்பார். நான் அதையும் நம்பினேன்.

வார்த்தைகளில் டான்ஸ்தான் கடைசிவரை இழுத்தடித்தது. எல்லோரும் இலை ஆடியது, மயில் ஆடியது என்று எழுதுவார்கள், எனக்குத் தெரியும். வேறு ஏதாவது வேண்டும். புதன்கிழமை மாலை அது தானாக வந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், பாதி தூரத்தில், எதிரே ஒரு சவ ஊர்வலம். நல்ல வயசாளி போலிருக்கிறது. பூத்தேர் அமர்க்களமாக இருந்தது. முன்னால் கொட்டு முழங்க, இளவட்டங்கள் சட்டையைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு ஆடினார்கள். அப்பா வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தார். எவ்வளவு நேரமானாலும் தேர் கடக்கும்வரை இன்ஜினைப் போட மாட்டார். ஒரு ஆள் கடைசியாப் போறாரு, நாம எதிர்ல உறுமிக்கிட்டு நிக்கக் கூடாது என்பது அவர் நியாயம். டைம் போகுது என்று முனகுகிறவர்களைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

நான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்தேன். லீப் கிடைத்தது, ஸ்பின் கிடைத்தது, இரண்டையும் எழுதிக்கொண்டேன். பிறகு கியர் ராடைப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போதெல்லாம் அது குடுகுடுவென்று ஆடிக்கொண்டே இருக்கும், அதைப் பற்றி எழுதலாமா என்றிருந்தேன். இப்போது அது அசையாமல் நின்றது. அப்போதுதான் அப்பாவின் வலது கை கண்ணில் பட்டது. தொடை மேல் சும்மா கிடந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசி உரசி, எதையோ உருட்டுகிற மாதிரி, கை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கொட்டுக்குத் தாளம் போடுகிறார் என்று நினைத்தேன். அப்பா ரசிகர்தான் என்று எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. தேர் கடந்தது. கொட்டுச் சத்தம் தேய்ந்து, வளைவு திரும்பி, இல்லாமலே போனது. வண்டிக்குள் யாரோ கொட்டாவி விட்டதுகூடக் கேட்டது. கை ஆடிக்கொண்டே இருந்தது.

"அப்பா, கொட்டு போயிருச்சுப்பா. ஒங்க கை இன்னும் ஆடுது" என்றேன்.

அவர் கையைப் பார்த்தார். யாருடைய கையையோ பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டு, அதைத் தூக்கி ஸ்டியரிங்கில் வைத்தார். வைத்ததும் நின்றுவிட்டது. "வண்டி ஓட்டி ஓட்டி அந்த அதிர்வு கையில ஏறிக்கிருச்சு தாயி" என்று சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இன்ஜின் நின்ற பிறகும் அது அப்பாவின் கைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது! இதைவிட வேறென்ன வாக்கியம் வேண்டும்? பின்னாலிருந்து மாமா அவசரமாக இரண்டு விசில் அடித்தார்.

வெள்ளிக்கிழமை டீச்சர் நோட்டுகளை வாங்கி அங்கேயே படிக்க ஆரம்பித்தார். என் நோட்டில் வந்து நின்றார். பிறகு எழுந்து வாசித்தார். "தி டிரம் வென்ட் அவே. தி இன்ஜின் இஸ் ஸ்லீப்பிங். மை ஃபாதர்ஸ் ஹேண்ட் இஸ் ஸ்டில் டான்சிங்." கொட்டு போய்விட்டது, இன்ஜின் தூங்குகிறது, என் அப்பாவின் கை மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. இந்த வருசம் இவ்வளவு நல்ல வாக்கியத்தை நான் படிக்கவில்லை என்றார். கைதட்டச் சொன்னார். நாற்பது பேர் தட்டினார்கள். நான் தரையில் இல்லை.

மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் அவர் என்னை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். மைக் விஷயமாகத்தான் என்று ஓடினேன். அவர் நோட்டின் அந்தப் பக்கத்தை விரித்து வைத்திருந்தார். அப்பாவின் கை எப்போதும் அப்படி ஆடுமா என்று கேட்டார். கேட்டவர் யாரிடம் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்டாரோ என்னவோ. நான் மூச்சு விடாமல் கொட்டினேன். டீக்கடையில் மாமா அரை கிளாஸ்தான் ஊற்றச் சொல்கிறார், முழுசாக ஊற்றினால் அப்பா கையில் சிந்துகிறது. காக்கிச் சட்டைக்கு அம்மாதான் பட்டன் போட்டுவிடுகிறாள், கதவைச் சாத்திக்கொண்டு. முன்னெல்லாம் என் டைரியில் அப்பா கையெழுத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போகும், இப்போது எறும்பு ஊர்ந்த மாதிரி சின்னதாகப் போடுகிறார், காகிதத்தை மிச்சம் பண்ணுகிறார் போல. மாமா வேகத்தடைக்கு முன்னால் விசில் ஊதுகிறார், அது வாயு.

ஒன்று விடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் பார்த்திருந்தேன். ஒன்றை இன்னொன்றோடு சேர்க்கத்தான் தெரியவில்லை.

டீச்சர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, திரும்ப மூடினார். பிறகு, இந்தப் பக்கத்தில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா என்றார். "சும்மா நீட்டிக் கையெழுத்து வாங்கக் கூடாது. இங்கிலீஷ்ல வாசிச்சுக் காட்டி, தமிழ்லயும் சொல்லணும். சரியா?" என்றார். மைக் எப்போது என்று கேட்டேன். முதலில் கையெழுத்து என்றார்.

நாலேகாலுக்குப் பள்ளிக்கூடம் விட்டால் நாலு ஐம்பதுக்குத்தான் எங்கள் வண்டி. பஸ் ஸ்டாண்டில் அப்பாவும் மாமாவும் வண்டிக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா இடது கையில் கிளாஸைப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் எனக்கு ஒரு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். நான் பஜ்ஜியைத் தொடவில்லை. வண்டிப் படிக்கட்டில் ஏறி நின்றுகொண்டு, பிரேயரில் வாசிக்கிற குரலில், மூன்று வாக்கியத்தையும் வாசித்தேன். மாமா பிளஸ் டூ படித்தவர். மூன்றாவது வாக்கியம் முடியுமுன் அவர் முகம் மாறிவிட்டது.

"யாருடி இத எழுதச் சொன்னது? கொண்டா அத" என்று நோட்டைப் பிடுங்க வந்தார்.

"சும்மா இரு மாப்ள. புள்ள படிக்கட்டும்" என்றார் அப்பா. "என்ன தாயி, அப்பனப் பத்தி எழுதியிருக்கியாக்கும்? தமிழ்ல சொல்லு பாப்போம்."

சொன்னேன். அப்பா டீ கிளாஸைக் கீழே பெஞ்சில் வைத்தார். இன்னும் பாதி இருந்தது.

"டீச்சரம்மா படிச்சாகளா?"

"எல்லாரு முன்னாடியும் படிச்சுக் காட்டுனாங்கப்பா. நாப்பது பேரும் கை தட்டுனாங்க! ஒங்க கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க. கண்டிப்பா வாசிச்சுக் காட்டணுமாம்."

"வாசிச்சுக் காட்டணும்னாகளா" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். மாமா ஏதோ சொல்ல ஆரம்பித்தார், மச்சான், நான் பேசிக்கிறேன், அந்த டீச்சருகிட்ட என்று. அப்பா கையமர்த்தினார். வண்டிக்குள் ஏறி, நோட்டை இன்ஜின் பெட்டி மேல், நான் உட்காருகிற சாக்கின் மேல் விரித்து வைத்தார். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ரொம்ப நேரம் ஆனது. எறும்பு ஊர்ந்த மாதிரி இல்லை. இனிஷியலோடு முழுப் பெயர், இரண்டு கோட்டை அடைத்துக்கொண்டு, கோணல் மாணலாக, அந்த வருசத்திலேயே பெரிய கையெழுத்து. நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. என் வாக்கியத்தில் பூரித்துப்போய்தான் அப்படிப் பெரிதாகப் போட்டார் என்று நான் தம்பியிடம் வாரக்கணக்கில் பீற்றிக்கொண்டேன்.

நடுக்குவாதம் என்று மதுரைப் பெரிய டாக்டர் பெயர் சொன்னது அதற்கு இரண்டு வாரம் கழித்து. அம்மாவுக்கும் மாமாவுக்கும் ஒரு வருசமாகவே தெரிந்திருக்கிறது, பெயர்தான் தெரியாது. அப்பாவோடு மூன்று பேரும் சேர்ந்து பட்டனையும் டீயையும் விசிலையும் வைத்து ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பூக்காரம்மாவும், டீச்சரும், நானும் அதில்தான் போய் வந்தோம். அது தப்புத்தான். அப்பாவே பின்னால் பல தடவை சொல்லியிருக்கிறார். வண்டியை விட்டால் தான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை, அதுதான் பயம். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், ரோட்டோரம் பஸ் போனால் சத்தத்தை வைத்தே எந்த கியர் என்று சொல்கிறார், ஆடுகிற அந்தக் கையாலேயே பேரப்பிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பை ஆட்டிக் காட்டுகிறார். டீச்சர் ஏன் பஸ் முதலாளிக்கு ஒரு போன் போடாமல் என் நோட்டைக் கொடுத்து அனுப்பினார் என்பதை நான் பெரியவளாகித்தான் யோசித்தேன். அவரிடம் கேட்க வேண்டுமென்று ரொம்ப நாள் நினைத்து, கேட்காமலே விட்டேன்.

அன்றைக்கு எனக்கு இதில் எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், நாலு ஐம்பதுக்கு அப்பா டிரைவர் சீட்டில் ஏறவில்லை என்பதுதான். பஸ் ஸ்டாண்டில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு ஆக்டிங் டிரைவரை மாமா கூட்டிக்கொண்டு வந்தார். அப்பா சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "ரெண்டாவது கியரு கொஞ்சம் அடம் பிடிக்கும்ணே, பதமாப் போடுங்க" என்றார். பிறகு என் தோளைப் பிடித்துப் பின்னால் கூட்டிப் போய்க் கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மாமாவிடம் இரண்டு டிக்கெட் வாங்கினார். சொந்த வண்டி மாதிரி ஏறி இறங்கின நான், முதல்முறையாக டிக்கெட்டோடு போனேன். மாமா அந்த டிக்கெட்டைக் கிழிக்கும்போது எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இவ்வளவு நல்ல வாக்கியம் எழுதின நாளில் எனக்கு இன்ஜின் பெட்டி இல்லையாம், கடைசி சீட்டாம். நல்ல கூத்து! முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். அப்பா பஜ்ஜிப் பொட்டலத்தை என் மடியில் வைத்தார்.

முதல் வேகத்தடை வந்தது. புது டிரைவர் பிரேக் போட்டார், வண்டி மெதுவாக ஏறி இறங்கியது. அதற்குப் பிறகு என் காலுக்குப் பக்கத்தில் டக்கென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தேன். அப்பாவின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே பிரேக் ஏதும் இல்லை, துரு ஏறின தகரம்தான். டாப்! எனக்கு டாப் என்ற வார்த்தைக்கு ஆடாதவர் வாக்கியம் சுமாராகத்தான் அமைந்திருந்தது. கோபமெல்லாம் எங்கேயோ பறந்துவிட்டது.

"என்னப்பா, இங்கிருந்தே பிரேக் போடுறீங்களா?"

"போட்டுப் பாக்கேன்" என்றார் அப்பா. "நீயும் போடு. யாரு மொதல்ல போடுறான்னு பாப்போம்."

அதற்கப்புறம் ஒரே விளையாட்டு. இரண்டு பேரும் எட்டி எட்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தோம். அடுத்த வேகத்தடையில் என் கால் முதலில் விழுந்தது. வண்டி அதைத் தாண்டிப் போன பிறகுதான் அப்பா கால் விழுந்தது. "லேட்டு!" என்று கத்தினேன். அதற்கடுத்ததில், இந்தத் தடவை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அவர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண் கொட்டாமல் ரோட்டையே பார்த்தார். அதிலும் லேட்டுத்தான். ரயில்வே கேட்டுக்கு முன்னால் இருக்கிற பெரிய வேகத்தடையை நானே கையை நீட்டிக் காட்டினேன், வருது வருது என்று. அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அதிலும் என் கால்தான் முந்தியது. முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மாமா மட்டும் விசிலை வாயில் வைத்தபடி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படிக்கட்டிலேயே நின்றார். அன்று அவர் நீள விசில் ஒன்றுகூட ஊதவில்லை.

அந்த முதலாவதை விட்டுவிட்டால் எங்கள் ஊர் வரை ஏழு வேகத்தடை. ஐந்தாவதுக்கு மேல் அப்பா எனக்காகத் தோற்கிறாரோ என்று சந்தேகம் வந்து, அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே முயற்சி பண்ணிக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் என் வெற்றி மேல் எனக்கு மதிப்பு கூடிவிட்டது.

ஊரில் வண்டி நின்றதும் நான் முதல் ஆளாகக் குதித்தேன். வழக்கமாக அந்த நேரத்தில் அப்பா வீட்டுக்கு வரமாட்டார், வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி திருமங்கலம் போய்விடுவார். அன்று அவர் என் பின்னால் இறங்கி, என் புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"அம்மா! பிரேக் போடுற விளையாட்டுல நான் அப்பாவ ஏழுக்கு ஏழு ஜெயிச்சுட்டேன்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக அப்பாவைப் பார்த்தாள்.

"ஆமா, ஏழுக்கு ஏழு" என்றார் அப்பா. "ஒண்ணுகூட எனக்கு அகப்படலை."

அம்மா மடித்த சட்டையை மறுபடியும் உதறி மடித்தாள். நான் அவர்கள் இருவருக்கும் நடுவே புகுந்து வீட்டுக்குள் ஓடினேன். நோட்டை விரித்து, டாப் என்ற வார்த்தைக்கு நேரே இருந்த பழைய வாக்கியத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. அந்த அவசரத்தில், திங்கட்கிழமை எனக்கு இன்ஜின் பெட்டி மேல் இடம் உண்டா என்று கேட்கவே மறந்துபோனேன்.